மதிப்பெண் தாளில் இல்லாத கேள்வி

அன்று காபிக்குப் பலகாரம் கொண்டுவர வேண்டிய முறை இர்மாவுடையது. இர்மா வெறுங்கையோடு வந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில்கூட தூரே பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட் அனுப்பிவைத்திருந்தார். நூலகத்து மாடியறையில் கோப்பைகள் நிரம்பிவிட்டன. மேசை நடுவில் கழுவித் துடைத்த தட்டு காலியாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

"அடடா," என்றார் இர்மா. "இன்னைக்கு நான்ல கொண்டு வரணும்."

"அதனால என்ன, காபி போதுமே," என்றார் ஆஸ்தா.

"எனக்கு டாக்டரே இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரு," என்றார் அவர் கணவர் ரூபென்.

"எந்த டாக்டர்?" என்று ஆஸ்தா திரும்பினார். ரூபென் காபியைக் குடித்தார்.

தூரே கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் துழாவி, தொண்டைக்குச் சப்பும் மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தட்டில் கொட்டினார். "பன் இல்லன்னா செத்தா போயிடுவோம்? ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. போன வருஷத்து மிட்டாய், நல்லா ஊறியிருக்கும். தலைவி, உனக்கு ரெண்டு."

தலைவி என்று அவர் கூப்பிட்டது லோவிசாவை. அந்த அறையில் அவள்தான் சின்னவள், இருபத்தொன்பது வயது. பகலில் மரியேஸ்தாட் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் கணக்கு பார்த்தாள். ஓய்வுபெறப் போகிறவர்கள் தங்கள் சேமிப்புக்கு எந்த ஃபண்டைத் தேர்ந்தெடுப்பது என்ற இந்த மாலை வகுப்பை நடத்த ஆள் கிடைக்காமல் நூலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். தன்னைவிட முப்பது வயது மூத்தவர்களுக்குத் தலைமை. அவர்களும் அவளும் ஒருவரையொருவர் பேர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் வயது பார்க்காமல் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வகுப்பை நடத்துபவர் இந்த ஃபண்டை வாங்கு, அதை விற்று விடு என்று சொல்லக் கூடாது. அது விதி. அதனால் லோவிசா ஒரு மதிப்பெண் தாள் தயாரித்தாள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை கம்பெனிகளில் பணம் பரவியிருக்கிறது, ஒரே தொழிலில் குவிந்திருக்கிறதா, சந்தையின் சராசரியை ஒட்டி வந்திருக்கிறதா, பதினைந்து ஆண்டில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இருபது, மொத்தம் நூறு. ஜனவரியில் பத்து ஃபண்டுகளை எடுத்துப் பெயரை மறைத்து எல்லோரையும் மதிப்பெண் போடச் சொன்னாள். எல்லோர் தாளிலும் கிட்டத்தட்ட ஒரே வரிசை வந்தது. அன்றைக்குத்தான், தன்னால் இதைச் செய்ய முடியும் என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது.

இப்போது ஏப்ரல். மூன்று வாரமாகச் சந்தை இறங்கிக்கொண்டே இருந்தது.

வகுப்பு எப்போதும் ஒரு சுற்றோடு தொடங்கும். இடப்பக்கமிருந்து ஆளுக்கு ஒரு வார்த்தை. யாரும் அடுத்தவரைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாது, யாரும் யாரையும் துருவக் கூடாது.

"என் சுரங்க ஃபண்டு கொஞ்சம் ஆட்டம் காட்டுது," என்றார் தூரே. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "நமக்கு இதெல்லாம் சகஜம். தொண்ணூறுகள்ல பாத்ததை விடவா."

"நான் பாக்கறதே இல்ல," என்றார் ஆஸ்தா.

"நானும்," என்றார் ரூபென்.

இர்மாவின் முறை வந்தது. அவர் மிட்டாய்த் தாளைச் சின்னதாக மடித்து, மறுபடியும் மடித்தார். "இன்னைக்கு என்னை விட்டுடுங்க," என்றார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கும்போது, இர்மா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் இறங்குவதை லோவிசா பார்த்தாள். எத்தனை நாளாக இப்படி இறங்குகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எல்லாம் சரிதானே?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரி," என்றார் இர்மா.

அந்த ஊரில் அதற்கு மேல் கேட்க வழியில்லை.

மறுநாள் காலை லோவிசா ஆபீசுக்கு மூன்றாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தது இர்மா. வாரத்தில் நாலு நாள் லோவிசா இதே வண்டியில்தான் போகிறாள். ஏறும்போது ஒரு தலையசைப்பு, இறங்கும்போது ஒரு கையசைப்பு. ஓட்டுநரோடு பேச்சுக் கொடுப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. அன்று கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தாள். கால்வாய்க் கரையில் மதகுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தத்தோடு இறங்கிப் போனார்கள். இர்மா என்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

"உன் ஆபீஸ் எப்பவோ தாண்டிப் போச்சே. தூங்கிட்டியா?"

"இல்ல." லோவிசா முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் மறந்து போயிற்று. "நேத்து ஏன் பன் கொண்டுவரல?"

இர்மா சிரித்துவிட்டார். இருக்கையிலிருந்து எழ முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"சுட்டு வெச்சிருந்தேனே! ஏலக்காய் போட்டு மூணு டஜன். சமையலறை மேஜை மேலயே இருந்துச்சு. கிளம்பறப்ப ஃபோனை எடுத்து ஃபண்டு எவ்வளவு இருக்குன்னு பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. அப்புறம் எப்படி வந்து சேந்தேன்னே தெரியல."

லோவிசாவுக்கு எவ்வளவு என்ற சொல் வாயில் வந்து நின்றது. அதை யாரிடமும் அவள் கேட்டதில்லை. தன் அப்பாவிடம்கூட.

கேட்காமலேயே இர்மா சொன்னார். "ஆறு லட்சம் குரோனா இருந்துச்சு. இருபத்தி ரெண்டு வருஷமா மாசாமாசம் போட்டது. இப்ப அஞ்சு கூட இல்ல."

"எல்லாத்தையுமா அந்த உலகப் பங்கு ஃபண்டுக்கு மாத்தின?"

"பின்ன? உன் தாள்ல அது தொண்ணூத்தி ஒண்ணு வாங்குச்சு. வங்கிக்காரங்க எனக்குப் போட்டுக் குடுத்திருந்த பழசு முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு வாங்கினதுல யாராவது பணத்தை வெச்சிருப்பாங்களா? இதே இடத்துலதான் மாத்தினேன், பிப்ரவரில. ரெண்டு நடைக்கு நடுவுல. காபி ஆறறதுக்குள்ள வேலை முடிஞ்சுபோச்சு."

லோவிசாவுக்கு அந்தப் பழைய ஃபண்ட் நினைவிருந்தது. பாதி பங்கு, பாதி கடன் பத்திரம். கட்டணம் அதிகம், வளர்ச்சி மந்தம். அதிலேயே இருந்திருந்தால் இந்த மூன்று வாரத்தில் இதில் பாதிகூட இறங்கியிருக்காது.

"அந்தப் பணம் உனக்கு எப்ப வேணும்?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம் செப்டம்பர்ல எனக்கு அறுபத்து நாலு. அன்னைக்கே வண்டிச் சாவியைக் குடுத்துடணும்னு இருந்தேன். இந்த சீட்ல உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. ஆபரேஷன் பண்ணலாம், ஆனா பண்ணினாலும் முழு நாள் ஓட்டறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. முதல் மூணு வருஷத்துக்கு இந்தப் பணத்தை வெச்சு ஓட்டிட்டா, பென்ஷனை இப்பவே முழுசா எடுத்துக் குறைச்சுக்க வேண்டாம். அப்படித்தான் கணக்கு." அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "இப்ப பாத்தா அறுபத்தேழு வரைக்கும் ஓட்டணும் போலிருக்கு."

லோவிசா எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். டிசம்பரில் அவள் தயாரித்த முதல் தாளில் ஆறு கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி: இந்தப் பணம் உங்களுக்கு எப்போது வேண்டும்? அதைக் கேட்டால் வயதைச் சொல்ல வேண்டிவரும், எப்போது வேலையை விடப்போகிறார்கள் என்று சொல்ல வேண்டிவரும், அதிலிருந்து உடம்பு, வீடு, கையிருப்பு எல்லாம் வெளியே வந்துவிடும். முன்பின் பழகாதவர்களைப் போய் அப்படிக் கேட்பதா? கூச்சமாக இருந்தது. அழித்துவிட்டாள். கேள்வி போனதும் தாள் இன்னும் அழகாக, ஐந்து இருபது நூறாக வந்து உட்கார்ந்தது. பதினைந்து ஆண்டு வளர்ச்சிக்கு மதிப்பெண் போட்டபோது, பதினைந்து ஆண்டு காத்திருக்க முடிகிறவள் அந்த அறையில் தான் ஒருத்திதான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

இதையெல்லாம் சொன்னாள். முன்னுக்குப் பின்னாக, நிறைய இடத்தில் தடுக்கி.

இர்மா காபிக் குடுவையைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார். "ஏன் கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நானும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சுத்துல ஆளுக்கு ஒரு நிமிஷம். நான் என் இடுப்பு, என் செப்டம்பர்னு ஆரம்பிச்சா மத்தவங்க நேரம் போகுமேன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "நீ மரியாதை தெரிஞ்ச பொண்ணு, லோவிசா. அந்த மரியாதைக்கு எனக்கு ஒரு லட்சம் செலவாயிடுச்சு."

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் லோவிசாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இன்னைக்கு மத்தியானமே மொத்தத்தையும் வித்து வங்கிக் கணக்குல போட்டுடலாம்னு இருக்கேன்," என்றார் இர்மா. "இனிமே இறங்கினா என்னால தாங்க முடியாது. போடவா?"

இறங்கியிருக்கும்போது விற்காதே என்று வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சொல்லிக்கொடுத்தபோது நிச்சயமாக இருந்தாள். தொண்ணூற்றொன்று போட்டபோதும் நிச்சயமாகத்தான் இருந்தாள். இதற்குமேல் இறங்காது என்று யாரால் சொல்ல முடியும்? வேண்டாம் என்று தடுத்து இன்னும் ஒரு லட்சம் போனால்? சரி என்று சொல்லி, அடுத்த மாதமே ஏறிவிட்டால்?

"எனக்குத் தெரியல," என்றாள். "நிஜமாவே தெரியல. செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்க முடியுமா? சுத்துல இதைக் கேளு. எவ்வளவு இருக்கு, எப்ப வேணும்னு எல்லாத்தையும் வெச்சுக் கேளு. அஞ்சு பேர் சேந்து பாக்கலாம்."

"எல்லார் முன்னாடியுமா?" இர்மா நிஜமாகவே மிரண்டார். "சானால, அந்த நீராவி அறைல, எல்லாரோடயும் ஒட்டுத்துணி இல்லாம உக்காருன்னு சொல்லு, உக்காருவேன். உக்காந்தும் இருக்கேன், தூரே உள்பட. ஆனா என் கணக்கையா? முடியாது."

"நான் முதல்ல சொல்றேன்."

"எதை?"

"என் கணக்கை. என் தப்பையும்."

இர்மா கடிகாரத்தைப் பார்த்தார். என்ஜினைக் கிளப்பினார். "முதல்ல நீ சொல்லு. அப்புறம் பாக்கலாம்," என்றார். "இப்ப உக்காரு. திரும்பறதுக்கும் டிக்கெட் எடுக்கணும், தெரியும்ல?"

அடுத்த செவ்வாய்க்கிழமை தட்டு நிறைய ஏலக்காய் பன் இருந்தது. போன வாரம் சுட்டது, ஃப்ரீசரில் வைத்து எடுத்தது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள்.

லோவிசா எழுந்து நின்றாள். உட்கார்ந்து பேசுவதுதான் வழக்கம் என்பதால் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எனக்கு இருபத்தொன்பது வயசு," என்றாள். "ஃபண்டுல ஒரு லட்சத்து நாப்பதாயிரம் வெச்சிருந்தேன். இப்ப ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரம். எனக்கு அந்தப் பணம் இன்னும் முப்பது வருஷத்துக்கு வேண்டாம், அதனால எனக்கு ஒண்ணும் ஆகல. நான் குடுத்த மதிப்பெண் தாள் அந்த மாதிரி ஆளுக்காகப் போட்டது. எனக்காகப் போட்டது. எப்ப வேணும்னு அதுல ஒரு கேள்வி இருந்துச்சு. கேக்கக் கூச்சப்பட்டு அதை அழிச்சுட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

உட்கார்ந்தாள். காது சூடாக இருந்தது.

ரூபென் பன்னைக் கடித்த நிலையிலேயே மெல்லாமல் இருந்தார். இப்படி ஒருவர் எண்ணோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

"அஞ்சு லட்சத்துக்குப் பத்தாயிரம் குறைச்சல்," என்றார் இர்மா, மேசையைப் பார்த்தபடி. "நான். அடுத்த வருஷம் செப்டம்பர்ல நிறுத்தணும். இடுப்பு சரியில்ல. எல்லாத்தையும் அந்தத் தொண்ணூத்தி ஒண்ணுல போட்டேன். இப்ப விக்கவா வேண்டாமான்னு தெரியல." நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துக்கு மேல ஆயிடுச்சா?"

"இல்ல, இல்ல," என்றார் ஆஸ்தா அவசரமாக. பிறகு, இர்மாவைத் தனியாக நிற்க விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "என்கிட்ட ஒன்பது லட்சம் இருக்கு," என்றார்.

ரூபென் பன்னை விழுங்கினார். "யார்கிட்ட?"

"என்கிட்ட. என் ஃபண்டுல."

"ஒன்பது லட்சமா?"

"இப்ப எட்டு இருக்கும்."

"முப்பத்தொன்பது வருஷம்!" ரூபென் அறையிலிருந்த எல்லோரையும் சாட்சிக்கு அழைப்பது போலச் சுற்றிலும் பார்த்தார். "முப்பத்தொன்பது வருஷமா வாரா வாரம் காபிப் பொடிக்குப் பாதிக் காசு என்கிட்ட வாங்கறா. ஒரு குரோனா விட்டதில்ல!"

"பாதி பாதின்னு நீதானே ஆரம்பிச்ச. உன்கிட்ட எவ்வளவு இருக்காம்?"

ரூபென் சொன்னார். ஆஸ்தாவின் வாய் திறந்து மூடியது. "அப்புறம் எதுக்குடா மனுஷா போன குளிர்காலம் முழுக்க ஹீட்டரைக் குறைச்சு வெச்சு என்னைக் கம்பளிக்குள்ள உக்கார வெச்ச?"

"உனக்குப் பணம் பத்தாதுன்னு நெனச்சேன். உன் பங்கு பில்லைக் கட்டக் கஷ்டப்படுவியேன்னு."

இர்மாதான் முதலில் சிரித்தார். அப்புறம் லோவிசா. அப்புறம் ஆஸ்தாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தூரே மட்டும் சிரிக்கவில்லை. பன் மேலிருந்த சர்க்கரை மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தூரே, உன் சுரங்கம் எப்படி இருக்கு?" என்றார் ரூபென். பேச்சு தன் வீட்டிலிருந்து வேறு எங்காவது போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"சுரங்கம்னு ஒண்ணு இல்ல," என்றார் தூரே.

"வித்துட்டியா?"

"வாங்கினதே இல்ல. எல்லாம் வங்கிச் சேமிப்புக் கணக்குல கிடக்கு. மொத்தமும். ஸ்கூல்ல மர வேலை சொல்லிக் குடுத்த காலத்துலேர்ந்து." அவர் லோவிசாவைப் பார்க்கவில்லை. "பயம். ஒவ்வொரு வருஷமும் வாங்கலாம்னு பாப்பேன், பயமா இருக்கும். வகுப்புக்கு வந்தா தைரியம் வரும்னு வந்தேன். இங்க எல்லாரும் ஏதோ வாங்கியிருக்கற மாதிரி பேசினீங்க. நானும் பேசிட்டேன்."

"அதுலயும் தொண்ணூறுகள்லேர்ந்து," என்றார் இர்மா.

"சொல்றதுன்னு ஆயிடுச்சு, நல்லா சொல்லுவோமேன்னு," என்றார் தூரே. அவர் முகத்திலும் ஒரு மாதிரி சிரிப்பு வந்துவிட்டது.

லோவிசா பலகைக்குப் போனாள். இந்த முறை எந்த ஃபண்டின் பெயரையும் எழுதவில்லை. இர்மா முழுதாக வேலையை நிறுத்தினால், பென்ஷனில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், வீட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு குறையும்? இர்மா சொல்லச் சொல்ல எழுதினாள். ஒன்பதாயிரம் குறைந்தது. மூன்று வருஷத்துக்கு மூன்று லட்சத்து இருபத்து நாலாயிரம். ரூபென் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்ப இருக்கறதுல மூணுல ரெண்டு பங்கை இறங்கின விலைக்கு வித்தாகணும்," என்றார் இர்மா. "விக்காம வெச்சிருந்து இன்னும் இறங்கினா நிறுத்தவே முடியாது. இதைத்தான் நான் ராத்திரியெல்லாம் போட்டுப் பாத்துட்டு இருக்கேன்."

லோவிசா எழுதுகோல் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"உனக்கு எப்ப வலிக்குது?" என்று ஆஸ்தா கேட்டார். அவர் பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்து முப்பது வருஷம் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே கேட்கத் துணிந்தது இன்றுதான்.

"எப்பன்னா?"

"காலைலயா, சாயங்காலமா, நாள் பூராவுமா?"

இர்மா யோசித்தார். "காலைல சீட்டைவிட்டு எழுந்தா கொஞ்சம் பிடிக்கும், ஓட்டறப்ப ஒண்ணும் தெரியாது. பதினோரு மணிக்கு மேலதான். மத்தியான நடைகள்ல உயிர் போகும்." பிறகு மெதுவாகச் சொன்னார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "காலை வண்டி எனக்குப் பிடிக்கும். அந்தப் பிள்ளைங்க சத்தம். ஏரில பனி விலகறது. காலைல ஓட்டறதை விடணும்னு நான் நெனச்சதே இல்ல."

"அப்ப பாதி நாள் ஓட்டேன்," என்றார் தூரே. "பென்ஷனையும் பாதி எடு. பாதி எடுக்க விடறாங்கல்ல? என் தம்பி அப்படித்தான் பண்ணினான்."

லோவிசா பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். அரைச் சம்பளம், அரைப் பென்ஷன். குறைவது மாதம் மூவாயிரம். முதல் இரண்டு வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம்; மூன்றாவது வருஷத்துக்கானதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ரூபென் மூன்று தடவை பெருக்கினார்.

"எழுபத்திரெண்டு," என்றார் இர்மா. "மூணு லட்சம் இல்ல."

"எழுபத்திரெண்டைத் தனியா எடுத்து வெச்சுட்டா, மீதி நாலு லட்சத்துச் சொச்சத்தை ரெண்டு வருஷத்துக்கு நீ தொட வேண்டியதில்ல. அதுக்குள்ள ஏறும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள் லோவிசா. "காத்திருக்க நேரம் கிடைக்கும். நடுவுல அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தவும் செய்யலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பிறகு மதிப்பெண் தாளை எடுத்து, மேலே காலியாக இருந்த ஓரத்தில், எப்போது வேண்டும் என்று கையால் எழுதினாள். அடுத்த இரண்டு வருஷத்துக்கு வேண்டிய பணம் என்று வைத்துக்கொண்டு எல்லோரையும் மறுபடி மதிப்பெண் போடச் சொன்னாள். உலகப் பங்கு ஃபண்ட் நாற்பதுக்கு இறங்கியது. ஜனவரியில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத, குறுகிய காலக் கடன் பத்திரங்களை மட்டும் வைத்திருந்த சின்ன ஃபண்ட் ஒன்று எண்பத்தெட்டு வாங்கியது. பத்து வருஷத்துக்குப் பிறகு வேண்டிய பணம் என்று வைத்தபோது வரிசை தலைகீழானது.

"என் பழசு?" என்று கேட்டார் இர்மா.

அது இரண்டிலும் நடுவில் கிடந்தது. கட்டணத்துக்காக இரண்டிலும் மதிப்பெண் போயிருந்தது.

"அதுக்காவது என் மனசு ஆறுது," என்றார் இர்மா. "அங்கேயே இருந்திருந்தாலும் கட்டணம் கட்டிக் கட்டி நான் வங்கிக்காரங்களுக்குத்தான் பன் சுட்டிருப்பேன்."

அன்று அவர் எதையும் முடிவு செய்யவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். யாரும் துருவவில்லை. கிளம்பும்போது ரூபென் ஆஸ்தாவின் கோட்டைப் பிடித்துக் கொடுத்தார். படியிறங்கி வாசலுக்குப் போகும்வரை அவர்கள் ஹீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு போனது கேட்டது.

மே மாதக் கடைசி வகுப்பில் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். சந்தை கொஞ்சம் ஏறியிருந்தது, பிப்ரவரி நிலைக்கு வரவில்லை. தூரே மாதம் ஆயிரம் குரோனாவுக்கு ஒரு ஃபண்ட் வாங்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வாரமும் அது எத்தனை குரோனா ஏறியது, இறங்கியது என்று சில்லறையோடு சொல்லி எல்லோரையும் வதைத்தார்.

லோவிசா இலையுதிர்காலத்துக்கும் வகுப்பை நடத்தச் சம்மதித்திருந்தாள். புதிய தாளில் முதல் வரியே அந்தக் கேள்விதான். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே அதைக் கேட்க வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது அதை இரண்டு தடவை உரக்கக் கேட்டுப் பார்த்திருந்தாள்.

சுற்றில் இர்மாவின் முறை வந்தது.

"எழுபத்திரெண்டாயிரத்தை எடுத்து அந்தச் சின்ன ஃபண்டுல போட்டுட்டேன்," என்றார். "மீதி அங்கேயே கிடக்கட்டும். நேத்து டிப்போல போய் மேலாளரைப் பாத்தேன். அடுத்த வருஷம் செப்டம்பர்லேர்ந்து எனக்குக் காலை வண்டி மட்டும்."

"ஒத்துக்கிட்டாரா?" என்றார் ஆஸ்தா.

"ஆள் கிடைக்காம தவிக்கறாரு. காலைல நாலரைக்கு எழுந்திருக்க யாரு வர்றா? உடனே சரின்னுட்டாரு."

"ஏன்னு கேட்டாரா?" என்றாள் லோவிசா.

இர்மா பன் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"கேக்கல. கேக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். நானே உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். இடுப்பு, பணம், எல்லாம். பாவம் அந்த மனுஷன், எங்க பாக்கறதுன்னு தெரியாம மேஜை மேல இருந்த ஸ்டேப்ளரையே பாத்துட்டு இருந்தாரு." காபியை ஒரு மிடறு குடித்தார். "கடைசில அவருக்கும் முழங்கால் போச்சுன்னு சொன்னாரு. எப்ப நிறுத்தப் போறன்னு கேட்டேன். இலையுதிர்கால வகுப்புல இடம் இருக்கான்னு உன்கிட்ட கேக்கச் சொன்னாரு."